விழாவுக்கு முந்தைய வாரம்

2020ஆம் ஆண்டின் சித்திரை முதல் நாள், இந்தியாவில் ஊரடங்கின் 21ஆவது நாள். அன்று காலை பிரதமர் தொலைக்காட்சியில் பேசி ஊரடங்கை மே 3 வரை நீட்டித்தார். தமிழ்நாடு அரசு அதற்கு முதல் நாளே ஏப்ரல் 30 வரை நீட்டித்துவிட்டிருந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் அந்தப் புத்தாண்டு ஊரடங்குச் சட்டத்துக்குள்தான் பிறந்தது. அதைத் தொடர்ந்து மதுரைச் சித்திரைத் திருவிழா, ரம்சான் பெருநாள், வெசாக் என்று கோடை விடுமுறையோடு சேர்ந்து வரும் பண்டிகைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் அரசுகள் சொன்னது ஒன்றையே: வீட்டிலேயே கொண்டாடுங்கள். அந்த அறிவுரை எந்த அளவுக்குப் பலித்தது, எங்கே பொய்த்தது, ஏன் பொய்த்தது என்பதை இப்போதாவது நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பண்டிகை நாளைக் கட்டுப்படுத்துவதில் அரசுகள் காட்டிய அக்கறையில் பாதியையாவது அதற்கு முந்தைய வாரத்தின் மீது காட்டியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அன்றைய வழிபாட்டை மக்கள் வீட்டுக்குள் கொண்டுவர ஆயத்தமாகவே இருந்தார்கள். கடைத்தெருவிலும் பேருந்திலும் கூடத்தில் கூடிய உறவினர்கள் நடுவிலும்தான் தொற்றுக்கு வழி திறந்தது.

மக்கள் ஆயத்தமாக இருந்தார்கள் என்பதற்கு மதுரையே சாட்சி. மீனாட்சி திருக்கல்யாணம் என்றால் ஊரே கல்யாண வீடு. விருந்து உண்டு, மொய் உண்டு, மாங்கல்யம் ஏறும் அந்த வேளையில் பெண்கள் தங்கள் தாலிச்சரடைப் புதிதாக மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. 2020ஆம் ஆண்டில் திருவிழா ரத்தானது. திருக்கல்யாணத்தை மட்டும் மே 4 அன்று பக்தர்கள் இல்லாமல், விரல்விட்டு எண்ணக்கூடிய சிவாச்சாரியார்களைக் கொண்டு நடத்தி, கோயிலின் இணையதளத்தில் நேரலையாகக் காட்டினார்கள். வீட்டிலிருந்தபடியே அந்த முகூர்த்தத்தில் சரடு மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. மஞ்சள் தடவிய சரடு, ஒரு கைப்பேசி, சரியான நேரம் இவை போதுமாக இருந்தன. சடங்கின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று கண்டு அதை வீட்டுக்குள் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்ததால் அந்த ஏற்பாடு நின்றது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அப்படி ஒரு வீட்டு வடிவம் கிடையாது. எதிர்சேவையும், தண்ணீர் பீய்ச்சுவதும், நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளும் கூட்டத்தால் ஆனவை. அந்த இழப்புக்கு நேரலை ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

ரம்சானிலும் இதே போக்கைக் காணலாம். நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்குவது தமிழ்நாட்டில் நெடுநாள் நடைமுறை. பள்ளிவாசலில் காய்ச்சி, அந்தியில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றித் தருவது வழக்கம். 2020இல் இஸ்லாமியப் பெரியவர்களோடு அரசு பேசியதில், கஞ்சி காய்ச்சாமல் அரிசியையே தன்னார்வலர்கள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. பண்டிகைக்காரர்களிடம் முன்னதாகவே உட்கார்ந்து பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வரிசை இல்லாமல் போனது, கஞ்சி இல்லாமல் போகவில்லை. ஈழத் தமிழர் புத்தாண்டின் மருத்துநீரும் கைவிசேடமும்கூட அடிப்படையில் வீட்டுச் சடங்குகள்தாம். தலையில் மருத்துநீர் வைத்து முழுகவும், வீட்டுப் பெரியவரின் கையால் காசு வாங்கவும் கூட்டம் தேவையில்லை.

சடங்கு வீட்டுக்குள் வந்துவிட்டதாலேயே வீடு பாதுகாப்பாகிவிடாது. தொடக்கத்தில் நாம் கையைக் கழுவினோம், காய்கறியைக் கழுவினோம், கதவுப்பிடியைத் துடைத்தோம். கிருமி காற்றில் பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்வதற்கு நெடுநாள் ஆனது. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதி அதை வலியுறுத்த வேண்டியிருந்தது. சான்றுகளோ அதற்கு முன்பே இருந்தன. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் அருகருகே இருந்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டன. வெளிக்காற்று வராத அறை. குளிர்சாதனம் அதே காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பியது. மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்குத் தொற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10 அன்று ஒரு சேர்ந்திசைக் குழு மூடிய கூடத்தில் பாடிப் பழகியது. வந்திருந்த 61 பேரில் 53 பேர் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். பலர் சேர்ந்து உண்பது, உரக்கப் பேசுவது, பாடுவது, மணிக்கணக்காக ஒரே கூடத்தில் இருப்பது: பண்டிகை வீட்டின் இலக்கணமும் இதுதானே.

நம் ஊரிலிருந்தே கிடைத்த சான்று இன்னும் வலுவானது. ரமணன் லட்சுமிநாராயணனும் அவரோடு பணியாற்றியவர்களும் தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்பறிதல் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். பரிசோதிக்கப்பட்ட தொடர்புகளை வைத்துப் பார்த்தபோது, நோயாளிகளில் 71 சதவீதத்தினர் யாருக்கும் பரப்பியதாகத் தெரியவில்லை. ஒரு சிறு பகுதியினரே பெரும்பாலானவர்களுக்குப் பரப்பியிருந்தார்கள். வெளியிடங்களில் பழகியவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 2.6 சதவீதம், ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு 9 சதவீதம். நோயாளியின் அருகே அமர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குத் தொற்றியிருந்தது. இந்தக் கடைசிப் பிரிவில் இருந்தவர்கள் 78 பேர்தான் என்பதால் அந்த விகிதத்தைக் கவனத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் திசை தெளிவாக இருக்கிறது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவெல்லாம் கண்ணாடி ஏற்றிய பேருந்தில் போய், காலையில் பாட்டியின் காலைத் தொட்டுக் கும்பிடுவதுதான் விடுமுறையில் நாம் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியமாக இருந்தது. ‘வீட்டிலேயே கொண்டாடுங்கள்’ என்ற வாசகத்துக்குள் அந்தப் பயணமும் அடங்கிப்போனது. எந்த வீட்டில், யாரோடு என்று அந்த வாசகம் சொல்லவில்லை.

இப்போது முந்தைய வாரத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் 26ஆம் தேதி காலை முதல் 29 வரையிலும், சேலம், திருப்பூரில் 28 வரையிலும் முழு ஊரடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இடையில் இருந்தது ஒரே நாள், சனிக்கிழமை. அன்றுதான் ரம்சான் நோன்பின் முதல் நாளும். மளிகைக் கடைகளிலும் காய்கறிச் சந்தைகளிலும் மக்கள் முண்டியடித்தார்கள். நான்கு நாள் கூட்டத்தைத் தவிர்க்கப் போட்ட உத்தரவு, நான்கு நாளைக்கான கூட்டத்தை ஒரே நாளில் சேர்த்துவிட்டது. அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்று வெளிப்பட்டு, மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அதற்குள் தொழிலாளர்களோடும் வியாபாரிகளோடும் அது கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஒரு சனிக்கிழமைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நெரிசலுக்குப் பேர்போன அந்தச் சந்தையில் அதற்கு முன்பே கிருமி புகுந்திருக்கும். ஆனால் கிருமி இருக்கும் இடத்துக்கு ஒரு நகரத்தையே ஒரே நாளில் அனுப்பிவைத்த உத்தரவு நல்ல உத்தரவு ஆகாது.

கடைசி நேர அறிவிப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2020 ஜூலை 30 இரவு ஒன்பது மணிக்கு மேல் பிரிட்டன் அரசு ஓர் உள்ளூர்க் கட்டுப்பாட்டை அறிவித்தது. மாஞ்செஸ்டர் பெருநகரப் பகுதியிலும், கிழக்கு லங்காஷயர், மேற்கு யார்க்‌ஷயர் ஆகியவற்றின் சில பகுதிகளிலும் வெவ்வேறு வீட்டார் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் சந்திக்கக் கூடாது, நள்ளிரவு முதலே தடை. விடிந்தால் தியாகத் திருநாளான பக்ரீத். சமைக்கத் தொடங்கிவிட்ட வீடுகள், வருவதாகச் சொல்லிவிட்ட உறவுகள், எல்லாம் மூன்று மணி நேர அவகாசத்தில். தடையின் உள்ளடக்கம் மருத்துவ நோக்கில் மிகச் சரியானது. கூட்டத்தின் அளவைப் பேசாமல் வீடுகளின் கலப்பைப் பேசியது. அது வந்து சேர்ந்த நேரமோ தங்கள் பண்டிகையைக் குறிவைத்துச் செய்தார்கள் என்ற மனக்காயத்தை அப்பகுதி முஸ்லிம்களிடம் விட்டுச் சென்றது. நான்கு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் அதே விதி ஒத்துழைப்பைப் பெற்றிருக்கும்.

இலங்கையின் இரண்டு புத்தாண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. அந்தப் புத்தாண்டுக்குப் பின் பெரிய அலை எதுவும் எழவில்லை. 2021 ஏப்ரலில் தொற்று குறைந்திருந்தது. சுகாதார வழிகாட்டல்களை வெளியிட்டதோடு அரசு நின்றுகொண்டது. கொழும்பின் கடைத்தெருக்கள் நிறைந்தன, மக்கள் ஊர்களுக்குப் போனார்கள், நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் கூடியது. ஏப்ரல் முடிவதற்குள் தொற்று கிடுகிடுவென ஏறியது. சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கைகளிலேயே ‘புத்தாண்டுக் கொத்தணி’ என்று ஒரு பிரிவு தோன்றியது. ஏப்ரல் நடுப்பகுதியில் 600ஐ ஒட்டியிருந்த மொத்த இறப்பு, ஜூன் முடிவில் 3,000ஐத் தாண்டியது. மே 21 முதல் ஜூன் 21 வரை, சிறு இடைவெளி தவிர, நாடு முழுவதும் பயணத் தடை. வெசாக் அந்தத் தடைக்குள்தான் வந்தது. ஒரு வாரக் கொண்டாட்டத்தைக் கட்டுப்படுத்தத் தயங்கியதன் விலை ஒரு மாத முடக்கம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அப்போது பரவியது ஆல்ஃபா எனும் திரிந்த கிருமி, பண்டிகை இல்லாவிட்டாலும் அது பரவியிருக்கும் என்பார்கள். பாதி உண்மை. வேகமாகப் பரவும் கிருமி ஏப்ரல் இறுதியில் கொழும்பில் கண்டறியப்பட்டது மெய்தான். அது ஒரு நகரத்திலிருந்து ஒரே வாரத்தில் எல்லா மாவட்டங்களுக்கும் போய்ச் சேர வாகனம் வேண்டும். அந்த வாகனத்தைத் தந்தது விடுமுறைப் பயணம். இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. தமிழ்நாட்டில் 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, 22, 23 தேதிகளில் கடைகளைத் திறக்கவும் வெளியூர்ப் பேருந்துகளை இயக்கவும் அரசு அனுமதித்தது. கூட்டம் அலைமோதியது. ஆனால் மே 21இல் 36,184 என்ற உச்சத்தைத் தொட்ட அன்றாடத் தொற்று, அதன் பிறகு இறங்கத்தான் செய்தது. முந்தைய வாரத்துக் கூட்டம் அவ்வளவு கொடியது என்றால் இது எப்படி? அந்த இரண்டு நாளுக்குப் பின் வந்தது கொண்டாட்டம் அன்று, வாரக்கணக்கான அடைப்பு. கடையில் தொற்றியவர் அதை வீட்டோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. மே 10 முதலே ஊரடங்கு இருந்ததால் சங்கிலி முன்னமே அறுபடத் தொடங்கியும் இருந்தது. இலங்கையில் கடைத்தெருவை அடுத்து வந்தது உறவினர் வீடு. கூட்டம், பயணம், விருந்து மூன்றும் அடுத்தடுத்து நிகழும்போதுதான் தொற்று பெருகுகிறது. மூன்றில் ஒன்றையாவது இடையில் வெட்டினால் மற்றவற்றின் தீங்கு குறைகிறது. எல்லாவற்றையும் தடை செய்யத் தேவையில்லை என்பதற்கும் இதுவே ஆதாரம்.

எல்லாவற்றையும்விட என்னைத் தைக்கும் ஆட்சேபம், வீட்டிலிருங்கள் என்பது வீடு உள்ளவனின் அறிவுரை என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்கின்றன. சென்னை மாநகராட்சிக்காக 2020 ஜூலையில் எடுக்கப்பட்ட ரத்தப் பரிசோதனை ஆய்வில், நகரத்தில் 21.5 சதவீதம் பேருக்கு நோய் வந்துபோனதற்கான அடையாளம் தென்பட்டது. நகரம் முழுவதும் அது ஒரே அளவில் இல்லை. தண்டையார்பேட்டையில் 44 சதவீதத்தை ஒட்டி, மாதவரத்தில் 7 சதவீதத்தை ஒட்டி. ஒரே நகரம், ஒரே ஊரடங்கு, ஒரே அறிவுரை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் உள்ள தெருவில் வீட்டிலிருப்பதற்கு என்ன பொருள்? இந்த ஆட்சேபத்துக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. வீட்டு வசதி ஒரு பண்டிகை வாரத்தில் தீர்கிற பிரச்சினை அன்று. ஆனால் வீட்டைவிட வெளிக்காற்றே மேல் என்ற உண்மையை ஏழைத் தெருக்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தியிருக்க முடியும். கோடை மாலையில் ஐந்தரை மணிக்கு மேல் மொட்டை மாடி, திண்ணை, தெருவோர வேப்பமர நிழல், மாநகராட்சி விளையாட்டுத் திடல்: இவையே அந்த மக்களுக்குப் பாதுகாப்பான கூடங்கள். அவற்றை நேரம் பிரித்துத் திறந்துவிட்டிருக்க வேண்டும். நாம் செய்ததோ, பூங்காவையும் கடற்கரையையும் முதலில் பூட்டியது. திறந்தவெளியைப் பூட்டி, மூடிய அறைக்குள் மக்களை அனுப்பியதே அந்த இரண்டு கோடைகளின் பெரிய பிழை என்பது என் முடிவு.

பிழைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரையிலான கோயில் கொடைகளையும் தேரோட்டங்களையும் நம்பித்தான் நாதஸ்வர, தவில் கலைஞர்களும் கரகாட்டக்காரர்களும், பந்தல், ஒலிபெருக்கிக்காரர்களும், பூக்காரர்களும் ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்கிறார்கள். 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் தமிழ்நாட்டில் கிடைத்தது. இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபாய். எல்லாருக்கும் பொதுவான இந்தத் தொகை, பருவமே பறிபோன ஒருவரின் இழப்பை ஈடுகட்டவில்லை. விழாவை நிறுத்தும் உத்தரவும் விழாத் தொழிலாளிக்கான ஈட்டுத்தொகை உத்தரவும் ஒரே கோப்பில், ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டும். அப்போதுதான் விழாக் கமிட்டிகளும் மனம் ஒப்பி நிறுத்தும்.

நம்பிக்கை என்ற ஒன்று இல்லாமல் எந்த விதியும் வீட்டுக்குள் நுழையாது. போலீஸ்காரர் தெருமுனையில் நிற்கலாம், கூடத்தில் வந்து நிற்க முடியாது. 2021இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அதுவரை எல்லாக் கட்சிகளின் பிரச்சாரக் கூட்டங்களும் நடந்தன. ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. அரசியல் கூட்டங்களைத் தடுக்கத் தவறியதற்காக அந்த மாதக் கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகச் சாடியது. அதே ஏப்ரலில் ஹரித்வாரில் கும்பமேளாவுக்கு லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். புனித நீராடலின் பெரிய நாள்கள் கழிந்த பின், 17ஆம் தேதிதான் அதை அடையாள அளவில் நடத்தும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம் போய் உங்கள் ஊர் அம்மன் கொடைக்குப் பத்துப் பேருக்கு மேல் சேராதீர்கள் என்றால், கட்சிக்காரர்களுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. கட்டுப்பாடு தளர்ந்ததற்கு மக்களின் அலட்சியத்தை மட்டும் குற்றம் சொல்வோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இது முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள் 2023 செப்டம்பரைப் பார்க்கட்டும். கோழிக்கோட்டில் நிபா வந்தபோது வார்டு வாரியாகக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன, பக்கத்து மாவட்டங்கள் இயங்கின. இனி வரப்போவதும் பெரும்பாலும் இப்படிச் சிறு எல்லைக்குள் அடங்கும் கட்டுப்பாடுகளே. எல்லை சிறிதாகும்போது பண்டிகையின் இழுப்பு பெரிதாகும். தடை உள்ள தெருவிலிருந்து தடையில்லாத அத்தை வீட்டுக்கு அரை மணி நேரம்தான். ஆகவே உள்ளூர்க் கட்டுப்பாடு வரைபடத்தை மட்டும் பார்க்காமல் நாள்காட்டியையும் பார்த்துப் போடப்பட வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனி அத்தியாயமே உண்டு. காலரா காலத்து அனுபவத்தில் பிறந்த அந்த அத்தியாயம், விழா நடக்கும் இடத்தின் குடிநீரையும் கழிப்பிடத்தையும் தங்குமிடத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தண்ணீரில் வரும் நோய்க்கு அது பொருந்தியது. காற்றில் வரும் நோய்க்கு விழாவுக்கு முந்தைய கடைத்தெருவும், ஊருக்குப் போகும் பேருந்தும், விருந்து நடக்கும் கூடமும், பூட்டப்படாத பூங்காவும் அதில் இடம்பெற வேண்டும். அறிவிப்புக்குக் குறைந்தபட்சம் பத்து நாள் அவகாசம், விழாத் தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை, சமயப் பெரியவர்களோடு முன்கூட்டியே கலந்துபேசுதல் ஆகியவற்றை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடாமல் சட்ட வாசகமாகவே எழுத வேண்டும். நோய் இல்லாத ஒரு கோடையில் சட்டமன்றம் இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.